நாய் கடியாது, உள்ளுக்கு வா

அந்தச் செயலிக்கு என்ன நடந்தது என்று யாராவது கேட்டால், "அது சரிவரவில்லை" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறேன். உண்மையில் அது நன்றாகவே சரிவந்தது. எங்கள் அம்மாவின் வீட்டுச் சுவரில் அது செய்த வேலையை உலகத்தில் வேறு எந்தச் செயலியும் செய்திருக்காது.

வவுனியாவில் புகையிரத நிலையத்துக்குப் போகிற வழியில், ஒரு இரும்புக்கடைக்கு மேலே எங்கள் அலுவலகம் இருந்தது. அலுவலகம் என்றால் ஒரு அறை. கீழே கம்பி வெட்டத் தொடங்கினால் மேலே எங்களுக்குப் பல் கூசும். நானும், என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்த தோழியும் அங்கே இருந்து நிரல் எழுதினோம். கொழும்பில் இருந்த ஒரு தொண்டு அமைப்பு காசு கொடுத்தது. அந்த அமைப்பின் சார்பில் எங்களை மேய்க்க ஒருவர் இருந்தார். அவரை நாங்கள் சேர் என்று கூப்பிட்டோம். மாதத்துக்கு ஒருமுறை ரயிலில் வந்து இறங்கி, எங்கள் திரைகளைப் பார்த்து, "சூப்பர், சூப்பர்" என்று சொல்லிவிட்டு மத்தியான ரயிலில் திரும்பிப் போவார்.

செயலி செய்வது எளிமையான காரியம். போனைத் தூக்கி ஒரு இடத்துக்கு நேரே பிடித்தால், அந்த இடத்தில் மற்றவர்கள் விட்டுப்போன குறிப்புகள் கமராவில் அங்கேயே மிதக்கும். பஸ் தரிப்பிடத்தைப் பார்த்தால், "ஆறு மணி பஸ் ஞாயிறு வராது" என்று அதன் கூரையில் தொங்கும். அதன் கீழே வேறு யாராவது, "சனியும் வராது" என்று சேர்த்திருப்பார்கள். யாரும் எழுதலாம், யாருக்கும் பதில் போடலாம். எழுத்து வாசிக்க முடியாதவர்களுக்கு அதை ஒரு பெண் குரல் வாசித்தும் காட்டும். அந்தக் குரல் இந்தியாவிலிருந்து வாங்கியது. எங்கள் ஊர்த் தமிழை அது வாசிப்பதைக் கேட்டு நாங்கள் இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்திருக்கிறோம்.

இந்தத் தொழில்நுட்பத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று சேர் கேட்டார். 'மேம்படுத்தப்பட்ட மெய்ம்மை' என்று எங்கோ பார்த்ததைச் சொன்னேன். தோழி திரும்பிப் பார்த்தாள். "இருக்கிற மெய்யையே ஒருத்தரும் இன்னும் எங்களுக்குச் சொல்லல்ல. அதுக்குள்ள நீ அதை மேம்படுத்தப் போறியா?" என்றாள். சேர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

அவர் குறித்துக்கொண்டது வேறொன்றை. முதல் கூட்டத்தில், இந்த யோசனை எப்படி வந்தது என்று அவர் கேட்டபோது, நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கரியைப் பற்றிச் சொன்னேன். சண்டைக் காலத்தில் ஒவ்வொரு ஊராக விட்டு ஓடும்போது, அடுப்புக்கரியால் வீட்டுச் சுவரில் எழுதிவிட்டுப் போவார்கள். 'நாங்கள் தருமபுரம் போறம்.' 'மாமா வீட்டில் நிற்கிறம்.' பிந்தி வருகிறவர்கள் வாசித்துவிட்டுப் பின்னால் வரட்டும் என்று. நான் சின்னப்பிள்ளை. அம்மா எழுதுவதை விளக்குப் பிடித்துப் பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான் சொன்னேன். அடுத்த மாதம் சேரின் விளக்கப்படத்தில் முதல் பக்கமே கரிச்சுவர். எங்கிருந்தோ எடுத்த ஒரு படம். அதன் கீழே ஆங்கிலத்தில் 'சுவரிலிருந்து மேகத்துக்கு' என்பது போல ஒரு வசனம். என்னுடைய அம்மாவின் கரியை நானே விற்றுக் கொடுத்தது போல இருந்தது எனக்கு.

தோழிக்கு அந்தக் கதை பிடிக்கவேயில்லை. அவளுடைய ஆட்கள் முல்லைத்தீவு முஸ்லிம்கள். புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, அவளுடைய வாப்பாவும் உம்மாவும் சிறுவர்களாக வெளிக்கிட்டுப் புத்தளம் போனவர்கள். அவள் அங்கே பிறந்து, பிறகு குடும்பத்தோடு திரும்பி வந்தவள். "எங்கட ஆக்களுக்குச் சுவரில எழுத நேரம் குடுக்கல்லடி" என்றாள் ஒருநாள், தலையை நிமிர்த்தாமல், நிரலைத் தட்டிக்கொண்டே. நான் தேத்தண்ணிக் கடைக்குப் போய் இரண்டு பிளேன்ரீ வாங்கி வந்தேன்.

சோதனைக்காக ஊர் ஊராகப் போனோம். பொதுநோக்கு மண்டபங்களில் சனத்தைக் கூட்டி, போனில் செயலியைப் போட்டுக் காட்டினோம். தொடங்கியவுடனேயே அது ஒரு கேள்வி கேட்கும்: நீங்கள் நிற்கும் இடத்தை அறிய அனுமதி தருவீர்களா? எல்லாச் செயலியும் கேட்கிற கேள்விதான். மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் 'இல்லை'யை அமத்தினார்கள். ஒருவர் சொல்லி மற்றவர் செய்ததில்லை. எல்லோருக்கும் விரல் தானாகவே அங்கேதான் போனது. முன்வரிசையில் இருந்த ஒரு அக்கா போனை என் பக்கம் நீட்டினா.

"நான் எங்க நிக்கிறனெண்டு இது ஏன் கேக்குது?"

"குறிப்பைச் சரியான இடத்தில காட்டத்தான் அக்கா."

"காட்டிப்போட்டு ஆரிட்டைப் போய்ச் சொல்லும்?"

ஒருவரிடமும் சொல்லாது என்று சொன்னேன். அவா என்னைப் பார்த்த பார்வையில், இந்தப் பிள்ளை இவ்வளவு படித்தும் இப்படி இருக்கிறதே என்ற இரக்கம் இருந்தது. பெயர் கேட்ட இடத்திலும் அப்படித்தான். ஒருவர் 'மல்லிகை', இன்னொருவர் 'அம்மா', இன்னொருவர் வெறும் புள்ளி.

சேரிடம் சொன்னபோது, "டிஜிட்டல் லிட்ரசி குறைவு, ட்ரெய்னிங் கொடுப்போம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கே நிற்கிறாய், எங்கே போகிறாய், யாருடைய பிள்ளை என்று கேட்டுக் கேட்டே எங்களை வளர்த்தார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி யாருக்கும் நன்மை வந்ததாக நான் கேள்விப்படவில்லை. 'இல்லை'யை அமத்த இந்தச் சனத்துக்குப் பயிற்சி போதாதாம்.

ஆகவே இருப்பிடத்தைக் கேட்காமலே வேலை செய்யும்படி செயலியை மாற்றினோம். கமராவில் விழும் படத்தை வைத்தே இது எந்த இடம் என்று கண்டுபிடிக்கும். மரம், மதில், கதவு, கடைப்பெயர், எதையாவது அது இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வவுனியா நகரத்தில் இதைச் சோதித்தோம். ஒரு கடை மாதிரி இன்னொரு கடை இல்லை. புடவைக்கடைக் குறிப்பு புடவைக்கடையிலேயே தொங்கியது, மருந்துக்கடைக் குறிப்பு மருந்துக்கடையிலேயே. நாங்கள் கை தட்டிக்கொண்டோம். நான் அன்றைக்கு இரண்டு பேருக்கும் கொத்துரொட்டி வாங்கிக் கொடுத்தேன்.

இனி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மா கிளிநொச்சிக்குப் பக்கத்தில், ஸ்கந்தபுரத்தில் தனியே இருக்கிறா. அப்பா நான் பிறந்த கையோடு காய்ச்சலில் போய்விட்டார். கடைசிச் சண்டை முடிந்து சனம் வெளியே வந்தபோது அண்ணாவை ஆமிக்காரர் ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். அம்மா அந்த பஸ்ஸின் யன்னலுக்கு ஒரு தண்ணீர்ப் போத்தலை எறிந்தா, அண்ணா அதைப் பிடித்தான். அதற்குப் பிறகு அவனை ஒருவரும் காணவில்லை. அம்மா போகாத இடமில்லை, அவனுடைய படத்தைக் காட்டாத ஆளில்லை. பிறகு ஒருநாள், இனி ஒரு இடமும் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டா. வெறுத்துப்போய்ச் சொல்லவில்லை. அவன் வரும்போது வீடு பூட்டிக் கிடக்கக் கூடாதாம். வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தபோது, பழைய வீடு நின்ற அதே இடத்தில்தான் கட்ட வேண்டும் என்று சண்டை பிடித்துக் கட்டினா. அன்றிலிருந்து கடைக்குப் போனாலும் ஓட்டமும் நடையுமாகத் திரும்பிவிடுவா. கலியாண வீடு, செத்த வீடு, எதற்கும் போய் ஒரு இரவு தங்கியதில்லை.

அப்படி இருந்தவவுக்குக் கண்ணில் புரை விழுந்தது, இரண்டு கண்ணிலும். கிளிநொச்சியில் பார்த்துவிட்டு, வவுனியாவுக்குப் போய் ஒப்பரேஷன் செய்யச் சொன்னார்கள். சின்ன ஒப்பரேஷன்தான், ஆனால் முதலில் பரிசோதனைக்கென்று சில நாள், பிறகு ஒப்பரேஷனுக்கென்று சில நாள் வவுனியாவில் நிற்க வேண்டும். அம்மா மாட்டேன் என்றா. நான் கெஞ்சினேன், கோபித்தேன், கதைக்காமல் இருந்தேன். "கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கு, பழகீட்டுது" என்பதுதான் பதில். அரிசியில் கல் கிடப்பது தெரியவில்லை. கிணற்றடியில் கால் வைக்கிற இடம் தெரியவில்லை. அதெல்லாம் பழகிவிட்டதாம்.

ஒரு விடுமுறையில் போயிருந்தபோது, செயலியை அம்மாவுக்குக் காட்டினேன். வேடிக்கைக்காகத்தான். முற்றத்தில் நின்று வீட்டுக்கு நேரே போனைப் பிடித்து, 'இது எங்கட வீடு' என்று எழுதி, கதவுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். பெண் குரல் அதை வாசித்தது. அம்மா போனை வாங்கி, அங்கேயும் இங்கேயும் திருப்பிப் பார்த்தா.

"இது மழைக்கு அழியாதோ?"

"அழியாது அம்மா."

"ஆரும் வந்து பூசி மறைச்சாலும்?"

"கிடக்கும்."

அம்மா கதவடிக்குப் போய்ச் சுவரைக் கையால் தடவினா. பிறகு சொன்னா: "அப்ப ஒண்டு எழுது. நான் வவுனியா வாறன்."

வேடிக்கைக்கு எழுதியதை அழித்துவிட்டு, அம்மாவின் போனிலும் செயலியைப் போட்டு, அம்மா சொல்லச் சொல்ல நான் தட்டினேன். 'தம்பி, அம்மா கண் காட்ட வவுனியா போறன். தங்கச்சியோட நிப்பன். கெதியா வந்திடுவன். திறப்பு பக்கத்து வீட்டில. நாய் கடியாது, உள்ளுக்கு வா.' அம்மா அண்ணாவை எப்போதும் தம்பி என்றுதான் கூப்பிடுவா. அண்ணாவிடம் போன் இருக்குமா, அதில் எங்கள் செயலி இருக்குமா என்றெல்லாம் நான் கேட்கவில்லை. கேட்பேனா? அத்தனை வருடத்துக்குப் பிறகு அம்மா வீட்டைப் பூட்டச் சம்மதித்திருக்கிறா. அந்த நேரத்தில் என் வேலையைப் பற்றி எனக்குப் பெருமையாகவே இருந்தது.

பூட்டிய வீட்டின் திறப்பைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு அம்மா வந்தா. என் வாடகை அறையில் நின்றா. ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்து ஒப்பரேஷனுக்குத் திகதியும் கொடுத்தார்கள். அம்மா என் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டா, தோழிக்குப் புட்டு அவித்துக் கொடுத்தா. நல்லாச் சிரித்தா. கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். அடுத்த நாள் காலையில் போன் வந்தது.

"பிள்ளை, அவன் வந்திட்டுப் போயிருக்கிறான்."

யார் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் 'அவன்' என்றால் ஒருவன்தான்.

போய் இறங்கியபோது அம்மா முற்றத்தில் போனைப் பிடித்தபடி நின்றா. கதவுக்குப் பக்கத்தில் அம்மாவின் குறிப்பு தொங்கியது. அதற்குக் கீழே இன்னொன்று: 'அம்மா வந்தனான். வீடு பூட்டிக் கிடக்கு. கனநேரம் பாத்திட்டுப் போறன். பிறகு வாறன்.' எழுதியவர் பெயர் இருந்த இடத்தில் ஒரு புள்ளி மட்டும். அம்மா அதைத் தொட்டா. பெண் குரல் அந்த இந்தியத் தமிழில் 'அம்மா வந்தனான்' என்று வாசித்தது. மறுபடியும் தொட்டா, மறுபடியும் வாசித்தது. குசினிக்குள் நண்டுக்கறி மணத்தது. அண்ணாவுக்கு நண்டு என்றால் உயிர்.

"கனநேரம் பாத்திருக்கிறான் பிள்ளை," என்றா அம்மா. "நான் அங்க உனக்கு எண்ணெய் வைச்சுக்கொண்டு இருந்திருக்கிறன்."

பகிடிக்கு யாரோ எழுதியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி இருந்திருந்தால்கூட நல்லது, திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்திருக்கும். திரும்பி வவுனியாவுக்கு ஓடினேன். தோழி அந்தக் குறிப்பு எழுதப்பட்டபோது கமரா பிடித்த படத்தைத் தேடி எடுத்தாள். படத்தில் எங்கள் வீடு இருந்தது. விறாந்தை, இரண்டு தூண், நீலக் கதவு, யன்னல் கம்பி. ஆனால் பக்கத்தில் நின்ற மாமரம் எங்களுடையதில்லை. எங்கள் முற்றத்தில் மாமரமே இல்லை.

தோழிதான் கதவுக்குப் பக்கத்தில் விரலை வைத்தாள். வீட்டுத்திட்டத்தில் கட்டிய ஒவ்வொரு வீட்டிலும், வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கல் பதித்திருக்கும். திட்டத்தின் பெயர், கொடுத்தவர்களின் சின்னம். பளிங்கு மாதிரிக் கல், கூர்மையான எழுத்து. எங்கள் நிரலுக்கு இதைவிட நல்ல பிடி கிடைக்காது. அந்தக் கல்லைக் கண்டவுடன், இதுதான் அந்த வீடு என்று அது முடிவு கட்டிவிட்டது. ஒரே வரைபடத்தில் கட்டிய வீடு, ஒரே கல், கடையில் மலிவாய்க் கிடைத்த ஒரே நீலப் பெயின்ற். வன்னி முழுவதும் அப்படி எத்தனை வீடு. அத்தனையும் எங்கள் செயலிக்கு ஒரே வீடு.

வீட்டுத்திட்ட வீட்டில் வளர்ந்தவள் நான். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது இரண்டு தரம் பக்கத்து வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே போயிருக்கிறேன். எனக்கு இது தோன்றவில்லை. கொழும்பில் இருக்கிற சேருக்குத் தோன்றாதது நியாயம்.

படத்தில் அந்த வீட்டு மதிலில் ஒரு கடையின் விளம்பரம் தெரிந்தது. அதை வைத்து இடம் பிடித்தோம். முள்ளியவளைப் பக்கம். தோழியின் ஸ்கூட்டியில் போனோம். வீட்டில் ஒரு அம்மா நெல் காயவைத்துக்கொண்டிருந்தா. விஷயத்தைச் சொன்னதும் அவா சிரிக்கத் தொடங்கினா.

"ஓம் பிள்ளையள், என்ர மகன்தான் எழுதினவன். கட்டாரில வேலை. சொல்லாமல் கொள்ளாமல் லீவில வந்து நிண்டிருக்கிறான், நான் வயலுக்குப் போட்டன். போனில சாச் இல்லையெண்டு ஆரின்ரையோ போனை வாங்கிப் பாத்து, சுவரில கிடந்ததை நான் எழுதினதெண்டு நினைச்சுப் பதில் எழுதினவனாம். பின்னேரம் வந்திட்டான். ஒரு கிழமை லீவு, நேற்றுத்தான் திரும்பிப் போனவன்." பிறகு எங்களைப் பார்த்து, "அதுசரி, ஆர் பிள்ளை எங்கட சுவரில நாய் கடியாதெண்டு எழுதி வைச்சது? எங்களிட்டை நாயே இல்லை. திறப்பு பக்கத்து வீட்டிலயெண்டு கிடந்தது. நான் போய் அவையிட்டைக் கேட்டும் பாத்தன்" என்றா.

தோழியும் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மா நல்ல மனுசி. எங்களுக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தா, பனங்கட்டி வைத்தா. அவாவின் மகன் வந்து நின்றிருக்கிறான், வீடு பூட்டிக் கிடந்திருக்கிறது, பின்னேரம் மறுபடி வந்திருக்கிறான். ஒரு மகன் வீட்டுக்கு வருவது அவவுக்கு அவ்வளவு சின்ன விஷயம். எனக்கு அவவில் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது. தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே நினைப்பு. அம்மாவின் குறிப்பு அத்தனை வீட்டுச் சுவரிலும் தொங்கியிருக்கிறது. அந்தப் பதிலும் தொங்கியிருக்கிறது. எத்தனை தாய்மார் முற்றத்தில் நின்று 'அம்மா வந்தனான்' என்பதைக் கேட்டிருப்பார்கள்? எத்தனை வீட்டில் நண்டுக்கறி காய்ச்சியிருப்பார்கள்?

சேருக்கு அடுத்த நாளே போன் எடுத்தேன். அவர் சந்தோசமாக இருந்தார். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் செயலியைத் திறக்கிறவர்கள் திடீரென்று கூடியிருக்கிறார்களாம். சிலர் ஒரே நாளில் திரும்பத் திரும்பத் திறக்கிறார்களாம். "என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். என்ன செய்தோம் என்று சொன்னேன்.

"இது ரொம்ப எமோஷனலான ஸ்டோரி," என்றார். "இப்ப அவசரப்பட்டு மாத்தாதீங்க. அடுத்த மாசம் வெளிநாட்டு ஆட்கள் வாறாங்க. அதுவரைக்கும் இப்படியே விடுங்க. உங்க அம்மா வீடியோவுக்கு ரெண்டு வசனம் பேசுவாங்களா?"

நான் போனை வைத்துவிட்டேன். கெட்ட வார்த்தை எதுவும் சொல்லவில்லை.

அன்று பின்னேரமே நாங்கள் இரண்டு பேரும் திருத்தத் தொடங்கினோம். வழி தோழி சொன்னதுதான். "எங்க நிக்கிறாய் எண்டு கேட்டாச் சொல்லமாட்டாங்க. எந்த ஊர் எண்டு கேட்டா எல்லாரும் சொல்லுவாங்க" என்றாள். உண்மை. பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவர் முதலில் கேட்பதே அதைத்தான். ஊரைக் கேட்டோம். அந்தக் கல் நிரலின் கண்ணில் படாதபடி மறைத்தோம். ஆனால் திருத்தியதை வெளியே விடுவதற்கு முன்னால் நான் அம்மாவிடம் போக வேண்டியிருந்தது. குறிப்பு இருக்கும்போதே காட்டினால்தான் நம்புவா. ஒப்பரேஷன் திகதி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா வரமாட்டேன் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டா. அவன் 'பிறகு வாறன்' என்று எழுதியிருக்கிறான், இந்த நேரத்தில் எப்படி வீட்டைப் பூட்டுவது?

முள்ளியவளைக் கதையை முழுக்கச் சொன்னேன். அம்மா நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கையைப் பிடித்து ஒழுங்கையால் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் வீட்டிலிருந்து நாலைந்து காணி தள்ளி ஒரு வீடு. அதே விறாந்தை, அதே தூண், அதே கல். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு, முற்றத்தில் நின்று அம்மாவின் கையில் போனைக் கொடுத்தேன். அம்மா தூக்கிப் பிடித்தா. அங்கேயும் தொங்கியது. 'அம்மா வந்தனான்.'

"பாத்தீங்களோ? எங்கட வீட்டில மட்டும் இல்லை அம்மா. எல்லா வீட்டிலயும் கிடக்கு. இது அண்ணா எழுதினதில்லை. செயலியின்ர பிழை. நாங்கள் விட்ட பிழை."

அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தா. புரை விழுந்த கண்ணால் எவ்வளவு தெரிந்ததோ எனக்குத் தெரியாது. பிறகு போனைத் தாழ்த்தினா.

"அப்ப இஞ்சயும் வந்து பாத்திருக்கிறான்," என்றா.

"அம்மா..."

"எல்லாம் ஒரே மாதிரிக் கட்டி வைச்சால் பிள்ளைக்கு என்னெண்டு தெரியும்? அவன் போகேக்க எங்கட வீடு ஓலை வீடு. வீடு வீடா ஏறி இறங்கியிருக்கிறான் பாவம்."

அந்த வீட்டுக்காரப் பெண் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டா. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. எங்கள் செயலி என்ன தவறு செய்ததோ, அதையே அண்ணாவும் செய்வான் என்று அம்மா நினைத்தா. வீடு தெரியாமல் எல்லா வாசலிலும் நிற்பான் என்று.

திருத்தத்தை வெளியே விட்டோம். சுவரில் அம்மாவின் குறிப்பு மட்டும் மிஞ்சியது. பதில் முள்ளியவளையில் அதன் சொந்தச் சுவருக்குப் போய்விட்டது. செயலியைத் திறக்கிறவர்கள் குறைந்தார்கள். வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். இரண்டு மாதத்தில் காசு நின்றது. நிலைத்து நிற்கும் தன்மை இல்லை என்று காரணம் எழுதியிருந்தார்கள். தோழி கொழும்பில் வேலை தேடிக்கொண்டாள். நான் இப்போது எங்கோ ஒரு நாட்டில் இருக்கிற தளபாடக் கடைக்கு வேலை செய்கிறேன். போனைப் பிடித்தால் உங்கள் அறைக்குள் அவர்களுடைய கதிரை எப்படி இருக்கும் என்று காட்டும். அங்கே வீடுகள் ஒன்று மாதிரி ஒன்று இல்லையாம். நல்லது.

ஆனால் அதெல்லாம் பிறகு. குறிப்பு மறைந்த அன்று அம்மா போன் எடுத்தா.

"நீ அவன்ர எழுத்தை அழிச்சுப்போட்டாய்."

"இல்லை அம்மா. அது அந்தப் பெடியன்ர எழுத்து. அவன்ர வீட்டில இப்பவும் கிடக்கு."

"உனக்கு அவனைத் தெரியாது. நீ அப்ப சின்னப்பிள்ளை."

அது உண்மை. எனக்கு அண்ணாவின் குரல்கூட நினைவில்லை. அம்மா அதை என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னா. அதனால்தான் அது இன்னும் குத்துகிறது.

ஒப்பரேஷன் நாளுக்கு முதல் நாள் நான் ஒரு வாடகை வான் பிடித்துக்கொண்டு போனேன். உடுப்புப் பையை அடுக்கினேன். பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிவந்து, 'நான் இரவும் பகலும் இஞ்சயே படுக்கிறன், வீட்டைப் பூட்டவே மாட்டன்' என்று அவவைச் சத்தியம் பண்ண வைத்தேன். அம்மா விறாந்தைக் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டா. எழும்பவில்லை. வான்காரர் இரண்டு தரம் ஹோன் அடித்தார். என் பொறுமை போய்விட்டது. கத்தினேன். ஒழுங்கைக்கே கேட்டிருக்கும்.

"கண் போகப் போகுது, விளங்குதோ உங்களுக்கு? நாளைக்கு அவன் உண்மையாவே வந்து முன்னால நிண்டாலும் உங்களுக்கு அவனைத் தெரியாது!"

அம்மா கோபப்படவில்லை. எழும்பி, நான் அடுக்கிய பையிலிருந்து தன் சீலைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கதிரையில் வைத்தா.

"எனக்குத் தெரியாட்டிப் பறவாயில்லை," என்றா. "நான் வீட்டில இருந்தால், அவனுக்கு என்னைத் தெரியுந்தானே."